தேள் சின்னமும் சைலன்சர் வியாபாரமும்

மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கின்ற நமது இதழில் ஒரு பந்தயக் கார் கம்பெனியின் வரலாறு எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். சரக்கு எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பது நமது பதில். ஒரு கடைக்குப் பெயர் வாங்கித் தரும் சரக்கு ஒன்று. வாடகையையும் கூலியையும் கட்டித் தரும் சரக்கு வேறொன்று. இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருபது ஆண்டுகளுக்கு மேல் எப்படி வாழ்ந்தன, பிறகு என்ன ஆனது என்பதைப் பார்க்க இத்தாலி நாட்டின் அபார்த் கம்பெனியைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரிந்து இல்லை.

அபார்த் என்ற பெயர் கார் வைத்திருப்பவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு ஃபியட் என்றால் புரியும். நம் ஊர்களில் ஓடிய பிரிமியர் பத்மினி, ஃபியட் 1100 காரின் வழி வந்ததுதான். அந்த ஃபியட் கம்பெனி இருந்த டூரின் நகரத்தில், ஃபியட் கார்களையே நம்பி, அவற்றுக்கு வேண்டிய உதிரிச் சாமான்களைச் செய்து விற்று வளர்ந்தது அபார்த்.

நிறுவியவர் கார்ல் அபார்த். 1908 நவம்பரில் வியன்னாவில் பிறந்தவர். இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1934-ல் சைடு கார் பூட்டிய மோட்டார் சைக்கிளில், பெல்ஜியத்தின் ஒஸ்டெண்டு ஊரிலிருந்து வியன்னா வரை, பேர்பெற்ற ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு போட்டியிட்டு ஜெயித்தவர். பிறகு ஏற்பட்ட பெரிய விபத்தினால் பந்தயத்தை விட்டார். உலக யுத்தம் முடிந்ததும் இத்தாலியில் குடியேறினார். கார்ல் என்ற பெயர் கார்லோ ஆயிற்று.

பாக்கிக்கு வந்த சரக்கு

அப்போது டூரினில் பியரோ டூசியோ என்ற செல்வந்தர் இருந்தார். ஜவுளி வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர். பந்தயத்தில் ஆசை கொண்டு சிசிதாலியா என்ற கார் கம்பெனியைத் தொடங்கினார். சின்னப் பந்தயக் கார்கள் செய்தவரை அது நன்றாகவே நடந்தது. அதோடு நிற்காமல், ஜெர்மனியின் போர்ஷே குழுவினரை வைத்து உயர்ந்த ரகப் பந்தயத்துக்கு ஒரு காரை உருவாக்கத் துணிந்தார். அந்த ஒரு காரின் செலவு கம்பெனியையே விழுங்கியது. டூசியோ அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். ஜவுளியில் வந்த பணம் பந்தயத்தில் போனது.

அந்தக் கம்பெனியின் பந்தயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் அபார்த். அவருக்கு வரவேண்டிய தொகைக்கு ரொக்கம் கிடைக்கவில்லை. சில பந்தயக் கார்களும் உதிரிபாகங்களும் கிடைத்தன. நொடித்துப்போன கடைக்காரரிடம் பாக்கிக்குப் பதிலாக விலைபோகாத சரக்கைத் தூக்கி வந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தச் சரக்கை வைத்துக்கொண்டு திண்டாடுவோர்தான் அதிகம். அபார்த் அதையே முதலாக்கினார். 1949 மார்ச் 31 அன்று, ஸ்காலியரினி என்ற குடும்பத்தின் பண உதவியோடு, பொலோஞா நகரில் அபார்த் அண்ட் கோ பதிவாயிற்று. விரைவில் டூரினுக்கு இடம் மாறியது. அவர் பிறந்த ராசி விருச்சிகம். ஆகவே தேள் சின்னம். சின்னத்தைத் தேர்ந்தெடுக்க அவர் யாரையும் கலந்து ஆலோசித்துப் பணம் செலவழித்ததாகத் தெரியவில்லை. ஆனால் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை பார்த்தால் மறக்காத சின்னம் அது.

1950 ஏப்ரல் 10 அன்று சிசிலித் தீவில், பலேர்மோ நகரை ஒட்டிய மோன்டே பெல்லெக்ரினோ மலைப்பாதைப் பந்தயம் நடந்தது. இத்தாலி மக்கள் தெய்வம்போல் கொண்டாடிய டாட்சியோ நுவோலாரி என்ற வீரர் அபார்த் காரை ஓட்டித் தம் பிரிவில் முதலாவதாக வந்தார். அதுவே அவருடைய கடைசிப் பந்தயமாகவும் ஆனது. கம்பெனி தொடங்கி ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. இப்படி ஒரு விளம்பரம் எந்தப் பத்திரிகையில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைத்திருக்காது.

கல்லாவை நிரப்பியது எது?

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பந்தயக் கார் செய்து விற்றுப் பிழைக்க முடியாது என்பதை டூசியோவின் கதையே அவருக்குக் காட்டியிருந்தது. வருடத்துக்கு எத்தனை பேர் பந்தயக் கார் வாங்குவார்கள்? ஆகவே அவர் கைக்கொண்ட சரக்கு, காரின் பின்னால் புகை போகும் சைலன்சர்.

இன்ஜினில் எரிந்து முடிந்த புகை வேகமாக வெளியேற வேண்டும். வெளியேறும் வழியில் தடை இருந்தால், அந்தப் புகையைத் தள்ளுவதற்கே இன்ஜின் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவிடும். குறுகிய வாய் உள்ள புனலில் எண்ணெய் ஊற்றுவதை நினைத்துக்கொண்டால் போதும். அக்காலத்துச் சாதாரண சைலன்சர்களில் சத்தத்தைக் குறைக்க உள்ளே தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருப்பார்கள். புகை முட்டி மோதித்தான் வெளியே வரும். அபார்த் சைலன்சரில் நேரான ஒரு குழாய். அதன் உடம்பெல்லாம் துளைகள். அதைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பஞ்சு. புகை நேராகப் போய்விடும், சத்தத்தில் ஒரு பகுதியைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும். மிஞ்சிய சத்தம் கனத்த, கம்பீரமான சத்தமாக வரும். வெளியே கறுப்பு வண்ணம், பின்னால் பளபளக்கும் குரோமியக் குழாய் முனை.

சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கூடும் வேகம் பெரிதாக ஒன்றும் இருந்துவிடாது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் வியாபாரியின் கண்ணோடு இந்தச் சரக்கைப் பாருங்கள். ஏற்கெனவே காரில் இருந்த பிடிமானத்திலேயே பொருத்திவிடலாம்; பெரிய ஒர்க்‌ஷாப் தேவையில்லை. வாங்கியவர் வண்டியைக் கிளப்பிய அந்த நொடியிலேயே வித்தியாசம் காதில் விழும். அடுத்த வீட்டுக்காரர் காதிலும் விழும். பின்னால் வருபவர் கண்ணில் சின்னம் படும். எல்லாவற்றுக்கும் மேலாக, சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகும் பொருள். எப்படியும் சில வருடங்களில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றத்தான் போகிறோம், கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதாகப் போட்டுக்கொள்வோம் என்று நினைப்பவர்தான் அபார்த்தின் வாடிக்கையாளர். பந்தயக் கார் வாங்க முடியாத குமாஸ்தாவும் வாத்தியாரும், நுவோலாரி ஓட்டிய காரின் பெயரைத் தம் சின்ன ஃபியட் காரில் மாட்டிக்கொள்ள முடிந்தது.

1950-ல் விற்ற சைலன்சர்கள் சுமார் 4,500. 1962-ல் சுமார் 2,57,000. வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 850-க்கு மேல். அதில் நூற்றுக்கு 65 பங்கு வெளிநாடுகளுக்குப் போனது. அப்போது வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 375 பேர். ஃபியட் காருக்கு மட்டுமல்ல, ஆல்ஃபா ரோமியோ, லான்சியா, வோல்க்ஸ்வேகன், போர்ஷே என்று பல கம்பெனிக் கார்களுக்கும் ஏற்ற அளவுகளில் செய்தார்கள். ஒரே சரக்கு, பல சைஸ். நாம் ஒரே பருப்பை அரைக்கிலோ, ஒரு கிலோ, ஐந்து கிலோவாகக் கட்டி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உழைப்பு மட்டும் அதிகம், ஒவ்வொரு காரின் அடிப்பாகத்தையும் அளந்து பார்க்க வேண்டுமல்லவா!

பெரிய கம்பெனியின் நிழலில்

1955-ல் ஃபியட் 600 கார் வந்தது. அடுத்த வருடமே அபார்த் அதன் இன்ஜினைப் பெரிதாக்கி, சுமார் 21 குதிரைசக்தியை 40-க்கு மேல் உயர்த்திக் காட்டினார். 1957-ல் ஃபியட் 500 என்ற மிகச் சிறிய கார் வந்தது. முதலில் அதற்கு எதிர்பார்த்த விற்பனை இல்லை. இவ்வளவு சின்ன வண்டி தாங்குமா என்ற சந்தேகம் ஜனங்களுக்கு. 1958 பிப்ரவரியில் அபார்த் அந்தக் காரில் தம் கைவேலையைச் செய்து, மோன்சா பந்தயச் சாலையில் ஏழு பகல் ஏழு இரவு நிறுத்தாமல் ஓட்டச் செய்தார். ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினார்கள். 168 மணி நேரத்தில் 18,186 கிலோமீட்டர். சராசரி மணிக்கு 108 கிலோமீட்டர். ஆறு சர்வதேச சாதனைகள் பதிவாயின.

இதில் மகிழ்ந்தது யார்? ஃபியட் கம்பெனிதான். அதன் கார் உறுதியானது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, அதுவும் அடுத்தவர் உழைப்பில். பிறகு ஃபியட்டுக்கும் அபார்த்துக்கும் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஃபியட் வழி வந்த அபார்த் கார்கள் பெறும் வெற்றிகளுக்கும் சாதனைகளுக்கும் ஃபியட் பணம் தரும். பாதி முடிந்த கார்களையும் ஃபியட் கொடுக்கும். இவர் தம் பாகங்களைப் பூட்டி, தேள் சின்னம் குத்தி விற்பார்.

ஏஜென்சி எடுத்து நடத்தும் அன்பர்களுக்கு இந்த ஏற்பாட்டின் இனிப்பும் கசப்பும் விளக்காமலே புரியும். இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை உண்டு. ஆனால் இலக்கை வைப்பவர் நாமல்ல. நாம் கையாண்ட ஒரு கம்பெனிச் சரக்கை, கிராமம் கிராமமாக ஆள் அனுப்பிப் பதினொரு வருடம் பழக்கப்படுத்தினோம். விற்பனை நன்றாக ஏறிய வருடத்தில் நமது எல்லையை இரண்டாகப் பிரித்து வேறொருவருக்கும் கொடுத்தார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது, தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. அபார்த்தும் இதை உணர்ந்தவராகத்தான் தெரிகிறது. பிரான்சின் சிம்கா கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து, 1962 முதல் அபார்த்-சிம்கா கார்களை வெளியிட்டார். ஒரு கொள்முதலை மட்டும் நம்பாமல் இன்னொன்றையும் வைத்துக்கொள்ளும் புத்தி. ஆனால் 1963-ல் சிம்காவின் பெரும்பங்கை அமெரிக்காவின் கிரைஸ்லர் வாங்கிவிட்டது. அதற்குப் பின் அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. மறுபடியும் ஃபியட் ஒன்றே கதி.

இதற்கிடையில் 1963-ல் வந்ததுதான் அபார்த் 595. ஃபியட் 500-ன் இன்ஜினைச் சுமார் 594 கன சென்டிமீட்டராக்கி, 27 குதிரைசக்தி, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். முழுக் காராகவும் விற்றார்கள். ஏற்கெனவே கார் வைத்திருப்பவருக்கு, பிஸ்டன், கேம் ஷாஃப்ட், கார்புரேட்டர், ஆயில் சம்ப், சைலன்சர், ஒட்டவேண்டிய தேள் சின்னம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி, செட்டாகவும் விற்றார்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு போய்த் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் போதும். தனித்தனியாக விற்றால் வாடிக்கையாளர் பாதியை இங்கேயும் மீதியை மலிவாக வேறிடத்திலும் வாங்குவார். எது எதோடு சேரும் என்று தெரியாமல் திண்டாடவும் செய்வார். பெட்டியாகக் கட்டினால் தேர்வு செய்யும் பொறுப்பை நாம் எடுத்துக்கொள்கிறோம். கல்யாணச் சீர்வரிசைச் சாமானைப் பட்டியல் போட்டுக் கட்டித் தரும் கடைக்கு ஏன் கூட்டம் போகிறது என்பதும் இதே காரணந்தான்.

வாசல் அலங்காரம் முதலைத் தின்ற கதை

அபார்த் என்ற மனிதர் கடைசிவரை பந்தய வீரர்தான். 1965 அக்டோபரில், 57 வயதை நெருங்கும்போது, தம் கம்பெனியின் நூறாவது சாதனையைத் தாமே ஓட்டிச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒடுக்கமான அந்தக் காருக்குள் உடம்பு நுழையவில்லை. ஆப்பிள் பழமாகத் தின்று 30 கிலோ எடை குறைத்து, உள்ளே உட்கார்ந்து ஓட்டிச் சாதித்தார். பிடிவாதத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் அதே பிடிவாதம் கணக்குப் பேரேட்டில் வேறு விதமாக வேலை செய்தது. சின்னக் கார்களில் பெரிய கார்களை விரட்டுவதுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதுவரை பந்தயம் சைலன்சருக்கு விளம்பரம். 1960-களின் நடுவில் அவர் முழுக்க முழுக்கத் தம்முடைய பந்தயக் கார்களைச் செய்யத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளோடு நேருக்கு நேர் மோத நினைத்தார். 12 சிலிண்டர்கள் கொண்ட 6 லிட்டர் இன்ஜின் ஒன்றையும் உருவாக்கினார். அந்த வகைப் பந்தயக் கார்களில் 1968 முதல் 3 லிட்டருக்கு மேல் கூடாது என்று சர்வதேச மோட்டார் சங்கம் விதி கொண்டுவந்தது. கொட்டிய பணம் கொட்டியதுதான். அந்த இன்ஜின் ஒரு பந்தயத்துக்கும் போகவில்லை. இரவோடு இரவாக ஒரு உத்தரவு வந்து குடோனில் உள்ள சரக்கு செல்லாமல் போவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அத்தகைய சரக்கில் எவ்வளவு முதலை முடக்குவது என்பது நமது கையில்தான் இருக்கிறது. சைலன்சரில் எந்த ஆண்டும் அவருக்கு இப்படி ஒரு அடி விழவில்லை. தெருவில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் புகை போக வழி வேண்டியிருந்தது.

டூசியோவின் கம்பெனி ஒரே காரினால் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர் அபார்த். அப்படியிருந்தும், இருபது வருடத்துக்குள் தாமும் அதே படியில் கால் வைத்தார். இது ஏன் என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. சைலன்சர் விற்பவர் என்று சொல்லிக்கொள்ள அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. கடையில் உப்பும் புளியும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு, நாலு பேர் முன்னிலையில் அந்த உப்பு மூட்டையைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் வியாபாரிகளும் உண்டு. கூச்சப்படுவது அவரவர் குணம். ஆனால் கூச்சத்தினால் உப்பு மூட்டைக்கு உரிய இடத்தைக் குறைத்து, கண்ணாடி அலமாரிக்குக் கடன் வாங்கினால் அது கணக்கில் தெரியும்.

1969-ல் டூரின் நகரத் தொழிற்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தங்கள். பந்தயச் செலவோ ஏறுமுகம். 1971-ல் கார்லோ அபார்த் தம் கம்பெனியை ஃபியட்டுக்கு விற்றார். பந்தயக் குழுவை என்சோ ஒசெல்லா என்பவர் எடுத்துக்கொண்டார். அபார்த் பிறகு வியன்னாவுக்குத் திரும்பி, 1979 அக்டோபர் 24 அன்று காலமானார். பிறந்ததைப் போலவே இறந்ததும் விருச்சிக ராசிக் காலத்தில்.

பெயர் மட்டும் பிழைத்தது. அபார்த் பட்டறையில் உருவான ஃபியட் 131 அபார்த் கார், 1977, 1978, 1980 ஆகிய வருடங்களில் உலக ரேலி பந்தயத்தில் தயாரிப்பாளருக்கான பட்டத்தை ஃபியட்டுக்கு வாங்கித் தந்தது. வேலையாட்களின் கைத்திறமை எஜமானர் மாறியதால் கெட்டுப்போகவில்லை. 1981-ல் அபார்த் அண்ட் கோ என்ற தனிக் கம்பெனியே கலைக்கப்பட்டு, ஃபியட்டின் ஒரு பிரிவோடு சேர்ந்தது. பிறகு தேள் சின்னம் சாதாரணக் கார்களின் விலை கூடிய ரகத்துக்கு ஒட்டும் லேபிள் ஆயிற்று. 2000-த்தையொட்டி வந்த ஸ்டிலோ காரிலும் அதை ஒட்டினார்கள். பெயருக்கேற்ற வேகம் அதில் இல்லை என்ற குறை எழுந்தது. நல்ல பழைய மிளகாய்த்தூள் பிராண்டை ஒருவர் வாங்கி, அதே கவரில் வேறு தூளை அடைத்தால் நடப்பதுதான் நடந்தது.

2007-ல் ஃபியட் விழித்துக்கொண்டு அபார்த்தைத் தனிக் கம்பெனியாக மறுபடி ஏற்படுத்தியது. 2008-ல் அபார்த் 500 காருக்கு, 135 குதிரைசக்தியை 160 ஆக்கும் செட்டை, பழைய நாட்களைப் போலவே மரப்பெட்டியில் அடைத்துக் கொடுத்தார்கள். மரப்பெட்டியால் காருக்கு வேகம் கூடப்போவதில்லை. ஆனால் வாங்கியவர்கள் அந்தப் பெட்டியையும் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொண்டார்கள் என்றால் நமக்கு ஆச்சரியமில்லை. 2015-ல் நமது நாட்டிலும் அபார்த் கார்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் புன்டோ என்ற ரகம் 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான விலையில் வந்ததால் இளைஞர்கள் சிலர் வாங்கினார்கள். 2019-ல் ஃபியட் கார் விற்பனையே இந்தியாவில் நின்றுபோனதால் அதுவும் நின்றது.

2022 நவம்பரில் அபார்த் ஒரு மின்சாரக் காரை வெளியிட்டது. மின்சாரக் காருக்குப் புகையும் இல்லை, சைலன்சரும் இல்லை. தேள் சின்னம் போட்ட வண்டி சத்தமில்லாமல் போனால் யார் வாங்குவார்கள்? பழைய பெட்ரோல் காரின் சைலன்சர் சத்தத்தைப் போலவே செய்து, காரின் அடியில் ஒலிபெருக்கி வைத்து ஒலிக்கவிட்டார்கள். அந்த ஒரு சத்தத்தைச் சரியாகக் கொண்டுவர 6,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்களாம்.